நான்கு அமினோ அமிலங்களின் நெடும்பயணம்: எபிற்றலோன் ஆய்வு வரலாறும் யாழ்ப்பாணக் குடாநாடும்

எபிற்றலோன் என்பது அலனின், குளுற்றாமிக் அமிலம், அஸ்பாற்றிக் அமிலம், கிளைசீன் என்ற நான்கு அமினோ அமிலங்கள் இதே ஒழுங்கில் இணைந்த செயற்கைப் பெப்ரைட்டு. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன, இதில் நான்குதான். மூலக்கூற்றுத் திணிவு ஏறத்தாழ 390. இவ்வளவு சிறிய பொருள் ஈக்களின் ஆயுளைக் கூட்டியது, மனிதக் கலங்கள் தம் எல்லையைத் தாண்டிப் பிரிய உதவியது, முதிய குரங்குகளின் இரவுநேர ஓமோன் சுரப்பை மீட்டது என்று கடந்த கால் நூற்றாண்டில் ஆய்வேடுகள் எழுதியுள்ளன. இன்று அதை இணையத்தில் எவரும் வாங்கலாம். சாவகச்சேரியில் தனித்திருக்கும் பெற்றோருக்கு ரொறன்ரோவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பொதியில், விற்றமின் குளிசைகளோடு இதுவும் வந்து சேரக்கூடிய காலம்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையரில் 12.4 வீதமானோர் 60 வயதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் கடல் கடந்துவிட்ட குடாநாட்டில் முதுமை என்பது வீட்டுக்கு வீடு எழும் கேள்வி. ஆகவே இந்தப் பெப்ரைட்டு எங்கிருந்து வந்தது, எந்தச் சோதனை எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை என்று தேடுவது நமக்கும் உரிய வேலை. என் வாதம் இதுதான்: எபிற்றலோன் பற்றிய சான்றுகளில் பெரும்பகுதி ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கிய ஒரு சிறு ஆய்வாளர் வட்டத்துக்குள்ளேயே பிறந்து, நெடுங்காலம் அங்கேயே தங்கியது. அந்தச் சான்று எந்த மண்ணில், எந்த ஒளியில் பிறந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அதன் எடை தெரியும்.

மானிப்பாய், 1872

எபிற்றலோனின் கதை ஒரு மூளைச் சுரப்பியின் சாற்றிலிருந்து தொடங்குகிறது. மனித மூளையின் நடுவே, இரு அரைக்கோளங்களுக்கும் இடையில், ஒரு நெல்மணியளவாகக் கிடக்கிறது அந்தக் கூம்புச் சுரப்பி. நிறை ஒரு கிராமின் பத்திலொன்றை ஒட்டியது. பண்டைய கிரேக்க மருத்துவரான கலென் இதை விவரித்தார். 1649இல் பிரெஞ்சு மெய்யியலாளர் டெக்கார்ட் ஆன்மாவின் இருக்கையே இதுதான் என்றார். அதற்குப் பிந்திய இரண்டு நூற்றாண்டுகளில் உடற்கூற்றியலாளர்கள் அந்தப் பெருமையைக் கழற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினார்கள்.

அந்த எழுத்துமுறை யாழ்ப்பாணத்துக்குத் தமிழிலேயே வந்தது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மறு ஆண்டு மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். 1860களில் போதனை முழுவதும் தமிழுக்கு மாறியது. ஹென்றி கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் லண்டனில் 1858இல் வெளியானது. அதன் தமிழ் வடிவமான மனுஷ அங்காதிபாதம் 1872இல் வெளிவந்தது. வெறும் 14 ஆண்டு இடைவெளி. கிறேயின் மூலநூல் கூம்புச் சுரப்பியின் நிறம், கூம்பு வடிவம், அதனுள் படியும் சுண்ணத் துகள்கள் ஆகியவற்றைக் கூறுகிறது. அதன் தொழில் என்னவென்று கூறவில்லை. அன்று உலகில் எவருக்கும் அது தெரியாது. தெரியாத இடத்தில் ஆன்மாவையோ அமிர்தத்தையோ வைத்து நிரப்பாமல் விடுவது ஒரு பெரிய ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தைத் தமிழில் பயின்ற வைத்தியர் தலைமுறை ஒன்று 19ஆம் நூற்றாண்டிலேயே இக்குடாநாட்டில் இருந்தது என்பது நாம் போதியளவு பெருமைப்படாத செய்தி.

மறுபுறத்தில், முதுமையைத் தடுக்கும் மருந்து என்ற எண்ணம் இங்கு எவருக்கும் புதிதல்ல. நரை, திரை, மூப்பு வராமல் உடலைக் காப்பது சித்த மருத்துவத்தின் காயகற்பப் பகுதி. கடுக்காய், நெல்லி, கையாந்தகரை எல்லாம் பத்தியத்தோடும் கால ஒழுங்கோடும் அதில் வருகின்றன. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் ஏழாலை ஐ. பொன்னையா. இந்த இரு மரபுகளும் அருகருகே வாழ்ந்த சமூகம் இது. எபிற்றலோன் காயகற்பத்தின் ஆசையோடும் ஆய்வுகூடத்தின் மொழியோடும் வருகிறது. இரண்டும் நமக்குப் பழக்கமானவை என்பதால் அதை நம்புவதும் எளிதாகிறது.

தொழில் தெரிந்த கதை

கூம்புச் சுரப்பியின் தொழில் துண்டு துண்டாகத்தான் வெளிப்பட்டது. 1886இல் டி கிராஃப், பால்ட்வின் ஸ்பென்சர் ஆகிய இருவரும் தனித்தனியே, சில ஊர்வனவற்றில் இந்த உறுப்புத் தொகுதி மண்டையோட்டின் உச்சியில் ஒரு கண்ணாகவே அமைந்திருப்பதை எழுதினார்கள். 1898இல் ஹொய்ப்னர் என்ற ஜெர்மன் வைத்தியர், இச்சுரப்பியில் கட்டி வந்த சிறுவன் உரிய வயதுக்கு முன்பே பருவமடைந்ததைப் பதிவுசெய்தார். 1917இல் மக்கோர்ட், அலன் இருவரும் மாட்டின் கூம்புச் சுரப்பிச் சாறு தவளைக் குஞ்சுகளின் தோலை வெளிறச் செய்வதைக் கண்டனர். இந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனவர் யேல் பல்கலைக்கழகத்தின் தோல் நோய் நிபுணர் ஏரன் லேர்னர். பல்லாயிரம் மாட்டுச் சுரப்பிகளிலிருந்து 1958இல் அவர் பிரித்தெடுத்த பொருளுக்கு மெலற்றொனின் என்று பெயர் வந்தது.

1960களில் ஜூலியஸ் அக்ஸல்றொட்டும் ரிச்சர்ட் வேர்ட்மனும் மீதிப் பாதையைத் தெளிவாக்கினர். கண்ணில் விழும் ஒளி நரம்பு வழியே இச்சுரப்பியை எட்டுகிறது. இருட்டில் மெலற்றொனின் சுரக்கிறது, வெளிச்சத்தில் நிற்கிறது. 1980இல் அல்பிரட் லூவியின் குழு, பிரகாசமான செயற்கை ஒளி மனிதரிலும் அச்சுரப்பை அடக்குவதைக் காட்டியது. வயது ஏற ஏற இரவு மெலற்றொனின் குறைவதும் பின்னர் பல நாடுகளில் அளந்து அறியப்பட்டது. இரவு ஓமோன் குறைகிறது, உடல் மூக்கிறது. முன்னதை மீட்டால் பின்னது மெதுவாகுமா என்ற கேள்வி அங்கேதான் முளைத்தது.

லெனின்கிராட்

சுரப்பிச் சாறு ஏற்றி இளமையை மீட்கும் முயற்சிக்கு ஒரு முன்கதை உண்டு. 1889இல், 72 வயதான பிரௌன் செக்கார் என்ற உடற்றொழிலியலாளர் விலங்கு விதைச் சாற்றைத் தன் உடலிலேயே ஏற்றிக்கொண்டு, பலம் திரும்பிவிட்டது என்று பாரிஸ் உயிரியல் சங்கத்தில் அறிவித்தார். மற்றவர்கள் சோதித்தபோது அது நிலைக்கவில்லை. ஆனாலும் அவரது எண்ணத்திலிருந்து ஓமோன் இயல் என்ற முழுத்துறை வளர்ந்தது. தவறான முடிவு நல்ல துறைக்கு வாசலாகலாம். அந்த வாசலில் நின்றபடி முடிவையும் உண்மையென்று சொல்ல முடியாது.

சோவியத் லெனின்கிராட்டில் இந்த எண்ணம் வேறொரு கோட்பாட்டின் துணையோடு வந்தது. பெற்றோவ் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த விளாடிமிர் டில்மன், வயதோடு மூளையின் ஹைபொதலமஸ் பகுதி உடலின் ஓமோன் சைகைகளுக்குச் செவிகொடுக்கும் திறனை இழக்கிறது என்றும், முதுமையின் பல நோய்களுக்கு வேர் அதுவே என்றும் வாதிட்டார். அதே காலத்தில் கிரோவ் இராணுவ மருத்துவக் கழகத்தில் விளாடிமிர் கவின்சன் (1946–2024), வியாசெஸ்லாவ் மொரோசோவ் இருவரும் கன்று, மாடு ஆகியவற்றின் உறுப்புகளிலிருந்து பெப்ரைட்டுச் சாறுகளைப் பிரித்துக்கொண்டிருந்தனர். தைமஸிலிருந்து வந்தது தைமலின். கூம்புச் சுரப்பியிலிருந்து வந்தது எபித்தலமின்.

டில்மனின் மாணவர் வரிசையில் வந்த விளாடிமிர் அனிசிமோவ் இவ்விரு முயற்சிகளையும் இணைத்தார். 1973இல் இந்தக் குழு, முதிய பெண் எலிகளின் மூளை ஈஸ்திரோஜனுக்கு மீண்டும் கூர்மையாக வினைபுரிய எபித்தலமின் உதவுகிறது என்று எழுதியது. 1979இல் அச்சாறு எலிகளின் ஆயுளை நீட்டியது என்ற கட்டுரை வந்தது. டில்மன், அனிசிமோவ், ஒஸ்ட்ரௌமோவா, கவின்சன், மொரோசோவ் ஆகிய ஐவரின் பெயர்கள் அதில் உள்ளன. பின்னைய முப்பது ஆண்டுக் கட்டுரைகளைப் புரட்டினால் இப்பெயர்களில் ஒன்றேனும் திரும்பத் திரும்ப வருகிறது.

சோவியத் ஒன்றியம் கலைந்த பின், 1992இல் கவின்சன், லெனின்கிராட்டின் இன்றைய பெயரான சென் பீற்றர்ஸ்பேர்க்கில் உயிர்ச்சீராக்கம், முதுமையியல் ஆகியவற்றுக்கான தனி நிறுவனத்தை அமைத்தார். சாறு பல பெப்ரைட்டுகளின் கலவை. ஒவ்வொரு தொகுதியும் ஒரே மாதிரி இராது. எனவே எபித்தலமினின் அமினோ அமில அமைப்பை அடிப்படையாகக் கொண்டு அந்நான்கு அமிலத் தொடரைச் செயற்கையாக உருவாக்கினார்கள். அதுவே எபிற்றலோன். அதன் அமெரிக்கக் காப்புரிமையும் கவின்சனுடையதே. கண்டுபிடித்தவர், சோதித்தவர், உரிமை பெற்றவர் ஒரே வட்டத்தினர். ஒரே தராசில் நிறுத்த பொன்னை இன்னொரு தட்டாரிடமும் காட்டுவது போல, அறிவியலிலும் இரண்டாவது கை வேண்டும். அது வர மிகவும் தாமதித்தது.

எலி உண்மையில் என்ன சொன்னது

எபிற்றலோன் வரலாற்றில் மிக நேர்மையான ஆவணம் என்று நான் கருதுவது 2003இல் வெளிவந்த அனிசிமோவ், கவின்சன் குழுவின் சுண்டெலிக் கட்டுரை. மூன்று மாத வயதிலிருந்து இறக்கும்வரை, மாதந்தோறும் ஐந்து நாள்கள், எலியொன்றுக்கு ஒரு மைக்ரோகிராம் தோலின் கீழ் ஊசியாக ஏற்றப்பட்டது. முடிவுகள்: சராசரி ஆயுள் மாறவில்லை. உணவளவும் உடல் நிறையும் மாறவில்லை. மொத்தக் கட்டிகளின் வீதமும் மாறவில்லை. இனப்பெருக்கச் சுழற்சி ஓய்வது மெதுவானது. எலும்பு மச்சையில் நிறமூர்த்தப் பிறழ்வுகள் 17.1 வீதம் குறைந்தன. வெண்குருதிப் புற்று ஆறு மடங்கு குறைந்தது. கடைசிவரை தப்பியிருந்த 10 வீதமான எலிகளின் ஆயுள் 13.3 வீதமும், உச்ச ஆயுள் 12.3 வீதமும் கூடின.

விற்பனையாளர்கள் இந்தக் கட்டுரையிலிருந்து எடுப்பது கடைசி இரண்டு எண்களை. முதல் வரியை அவர்கள் எடுப்பதில்லை. ஒரு கூட்டத்தின் கடைசிப் பத்து வீதம் என்பது விரல்விட்டு எண்ணத்தக்க எலிகளாக இருக்கும். அவற்றுள் ஒன்றிரண்டு நெடுநாள் தாக்குப்பிடித்தாலே அந்த எண் ஏறிவிடும். ஒரு வைத்தியர் தன் நோயாளியிடம் சொல்ல வேண்டியது சராசரியைப் பற்றித்தான். கட்டுரையை எழுதியவர்கள் அதை மறைக்கவில்லை, சுருக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அதை மறைத்தது பிற்பாடு வந்த வாசிப்பு.

இதே ஆண்டில் இன்னொரு கட்டுரையும் வந்தது. சென் பீற்றர்ஸ்பேர்க், கியேவ் ஆகிய இரு நகர்களிலும் 266 முதியோரை ஆறு முதல் எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. எபித்தலமின் பெற்றோரிடையே இறப்பு 1.6 முதல் 1.8 மடங்கு குறைவாக இருந்ததாக அது கூறுகிறது. மனிதரில் சான்று உண்டு என்று சொல்பவர்கள் காட்டுவது இதையே. ஆனால் அந்த முதியோருக்கு ஏற்றப்பட்டது மாட்டுச் சுரப்பிச் சாறு. நான்கு அமினோ அமிலத் தொடர் அல்ல. சாற்றுக்குரிய புகழைச் செயற்கைப் பொருளின் பெயரில் வரவு வைப்பது இத்துறையின் மிகப் பெரிய குழப்பம். பெயர்கள் ஒத்திருப்பதால் வாசகர் இதைக் கவனிப்பதில்லை.

ரெலோமியரும் அதன் நிழலும்

எபிற்றலோனுக்கு உலகப் புகழைத் தந்தது வேறொரு பாதை. மனிதக் கலம் முடிவின்றிப் பிரியாது என்று 1961இல் லெனாட் ஹெய்ப்லிக் காட்டினார். நிறமூர்த்தங்களின் நுனியிலுள்ள ரெலோமியர் ஒவ்வொரு பிரிவிலும் குறுகுகிறது. அதை நீட்டும் நொதியமான ரெலோமரேஸை எலிசபெத் பிளாக்பேர்னும் கறொல் கிறைடரும் 1985இல் அறிவித்தனர். இதற்கான நோபல் பரிசு 2009இல் வந்தது. இடையில், 2003இல், கவின்சனும் இரு சகாக்களும் எபிற்றலோன் மனித நார்க்கலங்களில் ரெலோமரேஸைத் தூண்டுகிறது என்று எழுதினார்கள். மறு ஆண்டுக் கட்டுரையில், சாதாரணமாக 34ஆம் தலைமுறை மாற்றத்தில் ஓய்ந்த முதிர்கருக் கலங்கள் பெப்ரைட்டு இட்டபோது 44வரை சென்றதாகக் கூறினர்.

முதுமையியல் அறிந்தவர்களுக்கு இச்செய்தி மகிழ்ச்சியோடு அச்சத்தையும் தரும். புற்றுக் கலம் சாவதில்லை என்பதற்கே பெரும்பாலும் ரெலோமரேஸ்தான் காரணம். கலத்துக்கு நீண்ட ஆயுள் கொடுப்பது உடலுக்கு நீண்ட ஆயுள் கொடுப்பதாக முடியாது. லெனின்கிராட் மரபினர் தம் எலிகளில் கட்டிகள் கூடவில்லை, சில வகைகள் குறைந்தன என்று பதில் சொல்கிறார்கள். அது மதிக்கத்தக்க பதில்தான், எலி அளவில்.

அந்த வட்டத்துக்கு வெளியிலிருந்து ஒரு கை 2025இல் வந்தது. லண்டன் புறூனல் பல்கலைக்கழகத்தினர், எபிற்றலோன் சாதாரண மனிதக் கலங்களில் ரெலோமரேஸைக் கூட்டி ரெலோமியரை நீட்டுகிறது என்று உறுதிசெய்தனர். இருபது ஆண்டுகளுக்கு முந்திய கூற்றுக்கு இது முக்கியமான துணை. ஆனால் அதே ஆய்வில் மார்புப் புற்றுக் கலங்களிலும் ரெலோமியர் நீண்டது, அங்கே ரெலோமரேஸின்றி இயங்கும் மாற்று வழியினூடாக. ஆய்வுகூடக் கிண்ணத்தில் கண்டதை உடலுக்கு ஏற்றிச் சொல்லக் கூடாது என்பது இரு பக்கத்துக்கும் பொருந்தும். ஆயினும் உடலில் எங்கோ ஒளிந்திருக்கும் கட்டி தனக்குத் தெரியாத 70 வயதுக்காரர் இந்த ஊசியைத் தானாகப் போட்டுக்கொள்வதை எந்த வைத்தியரும் அனுமதிக்கலாகாது என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2023இல் இதை, மருந்தகங்களில் கலந்து வழங்குவதற்குப் பாதுகாப்பு ஐயமுள்ள பொருள்களின் வகையில் சேர்த்தது. இலங்கையில் மருந்துகளைப் பதிந்து ஒழுங்குபடுத்தும் பொறுப்பு 2015ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையினுடையது. உறவினர் பொதியில் வரும் குப்பி அந்தக் கண்காணிப்பின் வழியாக வருவதில்லை.

ஒளியும் அகலாங்கும்

இதுவரை சொன்னவை அனைத்தும் எந்த ஊரில் நடந்தன என்பதை மீண்டும் பார்க்க வேண்டும். சென் பீற்றர்ஸ்பேர்க் வட அகலாங்கு 60 பாகையில் உள்ளது. ஆனி மாதத்தில் அங்கு பகல் 18 மணி நேரத்தைத் தாண்டும். மார்கழியில் ஆறு மணி நேரம்கூட இராது. கூம்புச் சுரப்பியைப் பற்றி அவ்வளவு தீவிரமாகச் சிந்தித்த நகரம் அதுவாக இருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அனிசிமோவோடு சேர்ந்து இயங்கிய பெற்றோசவோட்ஸ்க் நகரக் குழு, எலிகளைத் தொடர் வெளிச்சத்திலும் வடநாட்டு இயற்கை ஒளியிலும் வளர்த்து, தொடர் வெளிச்சம் முதுமையை விரைவாக்கிக் கட்டிகளைப் பெருக்குவதைக் காட்டியது. எபிற்றலோனையும் அந்த வெவ்வேறு ஒளிநிலைகளில் சோதித்தது. அட்லர் நகரக் குரங்கு நிலையத்தில் முதிய றீசஸ் குரங்குகளுக்கு எபிற்றலோன் கொடுத்தபோது இரவு மெலற்றொனின் கூடியதும் அட்ரினல் சுரப்பியின் ஓமோனான கோட்டிசோலின் நாளாந்தச் சந்தம் திரும்பியதும் பதிவாகியுள்ளன. என் பார்வையில், ஆயுளைவிட இந்தச் சந்த மீட்சியே இப்பெப்ரைட்டின் நம்பகமான முகம்.

எந்த விலங்கில் சோதிக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1990களின் ஒரு பாடம் உண்டு. பியர்ப்போலியும் ரெகல்சனும் இளம் எலியின் கூம்புச் சுரப்பியை முதிய எலிக்கு மாற்றி ஆயுள் நீண்டதாக 1994இல் எழுதினர்; மெலற்றொனின் புகழ் புத்தகக் கடைகளை நிறைத்தது. மறு ஆண்டு ஸ்டீவன் றெப்பேட், டேவிட் வீவர் இருவரும் சுட்டிக்காட்டியது: அச்சோதனைகளில் பயன்பட்ட எலி இனங்கள் பிறவியிலேயே மெலற்றொனினை உரியவாறு உருவாக்க முடியாதவை. இல்லாத ஓமோனைக் கொடையாளிச் சுரப்பி எப்படிக் கொடுக்கும்?

தமிழ் நிலத்தில் இத்துறைக்கு மிக அருகில் நடந்த வேலை மதுரையில். உயிரியல் கடிகார ஆய்வாளர் எம். கே. சந்திரசேகரன் (1937–2009), மாரிமுத்து, சுப்பராஜ் ஆகியோரோடு 1970களின் பிற்பகுதியில் வௌவால்களை ஆராய்ந்தார். நிரந்தர இருட்டுள்ள குகையில் கூண்டிலிட்ட வௌவால், சுற்றிலும் தன் கூட்டம் நாள்தோறும் பறந்து சென்று திரும்பும்வரை 24 மணிநேரச் சந்தத்தைக் காத்தது. கூட்டமில்லாத குகையில் அதன் கடிகாரம் தன் போக்கில் விலகியது. ஒளிக்கு அப்பாலும் கடிகாரத்தைத் திருத்தும் சக்தி உண்டு என்பதை உலகுக்குச் சொன்ன சோதனை அது. பிள்ளைகளற்ற வீட்டில் தனித்து உறங்கும் முதியவரின் உடற் கடிகாரத்தைப் பற்றி நினைக்கும்போது, நான்கு அமினோ அமிலங்களைவிட அந்தக் குகையே எனக்கு முதலில் நினைவில் வருகிறது.

யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9 பாகை 40 கலையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணிநேரத்தைச் சற்றுத் தாண்டிய வேறுபாடே உண்டு. வடநாட்டு ஒளிக்குலைவில் பிறந்த முடிவுகள் இங்கு அப்படியே செல்லும் என்று கொள்ள இடமில்லை. ஆனால் நமக்கு வேறொரு ஒளி வரலாறு இருக்கிறது. 1990 ஆனியில் யுத்தம் மீண்டபோது குடாநாட்டின் மின்சாரம் நின்றது. ஐந்தாண்டுகளுக்கு மேலாக இலட்சக்கணக்கானோர், ஜாம் போத்தலில் பஞ்சுத் திரியிட்டுச் சில துளி மண்ணெண்ணெயில் எரிந்த சிக்கன விளக்கில் இரவுகளைக் கழித்தனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் செயற்கை ஒளியின்றி வாழ்ந்த இவ்வளவு பெரிய படித்த மக்கள் கூட்டம் அரிது. அந்த இருள் கொடை அல்ல. ஷெல் சத்தமும் இடப்பெயர்வும் பசியும் உறக்கத்தைக் கிழித்த இருள் அது. கூம்புச் சுரப்பிக்கு இருட்டும் அட்ரினல் சுரப்பிக்கு அச்சமும் ஒருசேரக் கிடைத்த காலம். இன்று அதே முதியோர் நள்ளிரவுவரை கைத்தொலைபேசித் திரையில் வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளோடு பேசுகிறார்கள். அங்கே பகல், இங்கே இரவு.

இதை ஆராயும் வல்லமை இம்மண்ணில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் 1978இலிருந்து இயங்குகிறது. அதன் சமுதாய மருத்துவத்துறையில் பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம், 'நந்தி' என்று நம் இலக்கியம் அறிந்தவர், பணியாற்றினார். கைதடியில் சித்த மருத்துவப் போதனை 1984இல் தொடங்கியது. உடலில் மெலற்றொனின் சிதைந்து வெளியேறும் பொருளைக் காலைச் சிறுநீரில் அளக்கலாம். ஊசி தேவையில்லை, முதியவருக்கு வலியில்லை. எபிற்றலோனை இங்கு எவருக்கும் ஏற்றிப் பார்க்க முன், நம் முதியோரின் இரவு மெலற்றொனின் எவ்வளவு, அவர்கள் உறங்கும் அறையில் ஒளி எவ்வளவு, தனித்திருப்போருக்கும் கூடியிருப்போருக்கும் வேறுபாடு உண்டா என்பவற்றை அளந்து வைக்க வேண்டும். காயகற்ப மூலிகைகளை ஆராய்வோரும் அதே அளவீட்டைப் பயன்படுத்தலாம். அதோடு, 1990க்கும் 1996க்கும் இடையில் அவர்கள் எங்கே, எந்த விளக்கின் கீழ், எத்தனை முறை இடம்பெயர்ந்து உறங்கினார்கள் என்றும் கேட்டு எழுத வேண்டும். அன்று 30 வயதிலிருந்தவர்கள் இன்று 65ஐ எட்டிவிட்டார்கள்.